புறங்கையால் பூசும் கிரீம்

ஒரு லிப்ஸ்டிக்கைப் பற்றி நான்கே வரி. அதைப் படித்த அன்று எனக்குப் பகல் சாப்பாடு இறங்கவில்லை.

"இதைப் போட்டுக்கொண்டு கண்டி டவுனில் ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டேன். உறைப்பில் மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது. கண் மை கன்னத்துக்கு இறங்கி வந்துவிட்டது. உதட்டில் போட்டது மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது." இவ்வளவுதான். இதில் என்ன எழுத்து இருக்கிறது என்று நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். பின்னேரம் ஆவதற்குள் அந்த நிறம் கடையில் தீர்ந்துவிட்டது. பேராதனையிலிருந்து இரண்டு பிள்ளைகள் பஸ் ஏறி வந்து, "அந்தக் கொத்து லிப்ஸ்டிக் இருக்கா?" என்று என்னிடமே கேட்டார்கள்.

எழுதியவள் என்னோடு அதே கவுண்டரில் நின்று விற்பவள். நாவலப்பிட்டிக்காரி, என்னைவிட எட்டு வயது இளையவள். வேலைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அங்கே ஏழு வருடம். அக்குறணையில் மாத்தளை ரோட்டை ஒட்டியிருக்கும் அழகுசாதனக் கடை அது. முகநூலில் கடைக்கு ஒரு பக்கம் உண்டு, நாங்கள் பேஜ் என்போம். புதுச் சாமான் வந்தால் அதைப் பற்றி அதில் தமிழில் ரிவியூ எழுதலாம் என்று முதலாளியம்மாவுக்கு யோசனை சொன்னவளே நான்தான். அவரைக் கடையில் எல்லோரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அக்குறணையில் அது அக்காவுக்கான சொல்.

கிரீமைப் பற்றி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிரீம் வெள்ளையாக இருக்கும். வழுவழுப்பாக இருக்கும். மணக்கும். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? அடுத்த வாரம் இன்னொரு கிரீம் வரும். அதுவும் வெள்ளையாக, வழுவழுப்பாக இருந்து மணக்கும். என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. பெட்டிகளில் அச்சடித்திருந்தவை, வார இதழ் விளம்பரங்களில் வந்தவை என்று நல்ல நல்ல சொற்களாகப் பார்த்து அதில் சேர்த்து வைத்திருந்தேன். பட்டுப் போன்ற மென்மை, பனித்துளிப் புத்துணர்ச்சி, நிலவொளிப் பொலிவு. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். பாத வெடிப்புக்குப் பூசும் களிம்புக்குக்கூட நிலவொளிப் பொலிவு என்று எழுதியிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

தாத்தாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதியதை உடனே பேஜில் போட மாட்டார். கவுண்டரில் நிற்கும் யாராவது ஒரு பெண்ணுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். கேட்டுக்கொண்டிருப்பவளின் கை, பூசிப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் பக்கம் நீள்கிறதா என்று பார்ப்பார். நீண்டால் போடுவார். நீளாவிட்டால் கடதாசியை என்னிடமே திருப்பித் தருவார்.

"நல்லாத்தான் எழுதீக்கீங்க. ஆனா கேக்கக்குள்ள முகத்துல பூசிப் பாக்கணும் மாதிரி வருதில்லயே, புள்ள."

அவள் வந்த பிறகு நான் கைகளை எண்ணத் தொடங்கினேன். அவள் எழுதியதை வாசித்தால் கைகள் நீண்டன. சிலர் வாசித்து முடியுமுன்பே நீட்டினார்கள். ஷாம்புவைப் பற்றி எழுதும்போது, தலை ஈரத்தோடு ரயிலைப் பிடிக்க ஓடியதை எழுதுவாள். பவுடரைப் பற்றி எழுதும்போது, தன் ஞானஸ்நானப் படத்தில் தாய் தனக்கு அப்பியிருந்த பவுடரை எழுதுவாள். எழுதுவதற்கு அவளுக்குப் பத்து நிமிடம் போதும், அதையும் ஃபோனிலேயே தட்டுவாள். நான் ஒரு மணித்தியாலம் கொப்பியைப் புரட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினால், அவள் முடித்துவிட்டு விசிறிக்கு நேரே நின்று வடை தின்றுகொண்டிருப்பாள். அந்த வடையைப் பிடுங்கி ரோட்டில் எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து நான் அதை மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் வயிறு எரிந்தது. அவளோ "அக்கா, அக்கா" என்று என்னைச் சுற்றி வந்தாள். நான் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்க தமிழ் எனக்கு வராதுக்கா" என்றாள். அதை அவள் மனதாரச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாத்தா மேல்மாடிக்கு ஒரு சுழல் கதிரை வாங்கினார். பார்சல் கட்டும் அறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டு, பொலித்தீன் கழற்றாத கதிரையை அதன் முன்னால் வைத்தார்.

"பெருநாள் முடிஞ்ச பொறகு ஒருத்தர மேல உக்கார வைக்கப் போறேன். பேஜ் வேல மட்டும். ரெண்டு பேர்ல யாருன்னு அப்ப பாப்போம்" என்றார்.

ஏழு வருடம் நின்றே விற்றவள் நான். கால் நரம்புகள் புடைத்திருந்தன. ஆனால் அந்தக் கதிரை எனக்கு வேண்டியிருந்தது காலுக்காக மட்டுமல்ல. எழுதுகிறவள் என்று என்னைச் சொல்ல வேண்டும். சேல்ஸ் கேர்ள் என்று சொல்லக் கூடாது. தனியே மேலே போகும்போதெல்லாம் அந்தப் பொலித்தீனின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சுருக்கத்தைத் தடவி நேராக்கிவிட்டு இறங்கி வருவேன்.

இந்த இடத்தில் அம்மா கடைக்கு வந்ததைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அம்மா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நான் கடையில் "வீடு தெல்தோட்டை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். டவுனில் இருக்கிறோம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. ஒரு நாள் அம்மா கண் கிளினிக்குக்குக் கண்டிக்கு வந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி அக்குறணைக்கே வந்துவிட்டாள். நல்ல சேலைதான் கட்டியிருந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை, வாயில் வெற்றிலை. கவுண்டரில் ஒரு டாக்டரின் மனைவிக்கு நான் சீரம் விளக்கிக்கொண்டிருந்தேன். தாத்தா தொழுகைக்கு உள்ளே போயிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போன அம்மாவைப் பார்த்து டாக்டரின் மனைவி, "உங்களத் தேடித்தான் போல, யாரு?" என்றார்.

"ஊர்ல தெரிஞ்சவங்க மிஸ்" என்றேன்.

அம்மாவுக்கு அது கேட்டது. கேட்டதும் ஒரு நொடி நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று யாரோ ஒரு பிள்ளையை விசாரிப்பதைப் போல விசாரித்தாள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நாவலப்பிட்டிக்காரிக்கு யார் வந்தாலும் ஒன்றுதான். அம்மாவுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்து, "பூசிப் பாருங்கம்மா" என்று ஒரு கிரீம் டெஸ்டரை நீட்டினாள். அம்மா அதை இடது புறங்கையில் வாங்கி, வலது புறங்கையால் தேய்த்து, இரண்டு புறங்கைகளாலும் கன்னத்தில் பூசிக்கொண்டாள். பூனை முகம் கழுவுவதைப் போல இருந்தது. டாக்டரின் மனைவி சிரித்தார். கொழுந்து பறிக்கும் விரலில் வாசனை இருக்கக் கூடாது, இலையில் ஏறிவிடும், நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை முகர்ந்து பார்த்துவிட்டுக் கத்துவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில்கூடப் பவுடரைப் புறங்கையால்தான் போடுவாள். தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் சீரம் போத்தலைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கால் மணித்தியாலம் இருந்துவிட்டு, பையை ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதில் எனக்குப் பிடித்த மரக்கறி ரொட்டி இருந்தது.

அதற்குப் பிறகும் அம்மா வழக்கம்போலவே ஃபோன் எடுத்தாள். அந்த நாளைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடையிலிருந்து நான் அனுப்பி வைத்த சன் கிரீம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். நன்றாக இருக்கிறது, ஆனால் இப்படி இப்படி என்று அவள் நீளமாக ஏதோ சொல்ல, நான் காதில் போட்டுக்கொள்ளாமல் உம் கொட்டினேன். பிறகு அவள் கேட்டாள்:

"ஏம்மா, பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல ஒங்க கடை எழுத்த படிச்சுக் காட்டுச்சு. அந்தக் கொத்து ரொட்டி நீ எழுதுனதா?"

"இல்ல."

"லயத்து வீடுகள்ல எல்லாரும் அத கேட்டுட்டு ஒரே சிரிப்பு. ரெண்டு தடவ படிக்கச் சொன்னோம்."

"நான் எழுதினதையும் படிச்சாளா?"

"படிச்சுச்சு, படிச்சுச்சு" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் இருந்துச்சு. பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கு எழுதுனது போல" என்றாள்.

ஊரே அவளைக் கொண்டாடட்டும், பேராதனைப் பிள்ளைகள் பஸ்ஸேறி வரட்டும். என் அம்மாவுமா? போர்டிங்கில் ஃபோனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அழுதேன்.

அந்த வாரம் அவள் சன் கிரீமுக்கு ரிவியூ எழுதினாள். நான் அம்மாவுக்கு அனுப்பிய அதே கிரீம். பூசிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸுக்கு நின்றாளாம், கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்தாளாம், முகம் கறுக்கவே இல்லையாம். "எந்த வெயிலுக்கும் தாங்கும்" என்று முடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. மாட்டினாள் என்று நினைத்தேன்.

பூப்படம் ஒன்றை வைத்து ஒரு பொய்க் கணக்குத் திறந்தேன். தோட்டத்துப் பெண்ணாக என்னை வைத்துக்கொண்டு, அவள் ரிவியூவுக்குக் கீழே எழுதினேன். கொப்பியைத் தொடவில்லை. கோபத்தில் அது தேவைப்படவும் இல்லை.

"குளத்த சுத்தி நடந்தா வெயில் தெரியுமா தங்கச்சி? நான் காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போகயில பூசிட்டுப் போறேன். கூடைக் கயிறு நெத்தியில உக்கார்ற எடத்துல இந்தக் கிரீம் நிக்காது. பத்து மணிக்கெல்லாம் அந்த எடம் மட்டும் கறுத்துப் போயி கோடா தெரியும். வேர்த்தா கழுத்துல வெள்ளையா வடியும். என்ன, செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சியான்னு கங்காணி கேக்குறாரு. வெரல்ல பட்டா கொழுந்துல வாசன ஏறும், அதனால பொறங்கையாலதான் பூசணும். ஆனா ஒன்னு, சாயங்காலம் மொகம் கழுவயில முன்ன மாதிரி எரியல. அதுக்காகத்தான் இன்னும் பூசுறேன்."

அம்மா ஃபோனில் சொன்னதுதான் அத்தனையும். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்தேன், ஒரு சொல் விடாமல் உள்ளே கிடந்திருக்கிறது.

மறுநாள் காலையில் கடைக்குப் போனபோது ரிவியூவை யாரும் பேசவில்லை. கீழே இருந்த கமெண்டைத்தான் பேசினார்கள். விருப்பம் போட்டவர்கள், பகிர்ந்தவர்கள், தோட்டத்துப் பிள்ளைகள், வெளிநாட்டில் வேலை செய்யும் பெண்கள் என்று ஒரே கூட்டம். என் ரிவியூ ஒன்றுக்கும் அப்படி நடந்ததில்லை. தாத்தா அதைக் கவுண்டரில் சத்தமாக வாசித்தார். நின்ற மூன்று பெண்களும் டெஸ்டருக்குக் கை நீட்டினார்கள். அதில் ஒருத்தி, வெளியே போகப் போகிறவள் போல் நின்றவள், புறங்கையை நீட்டினாள்.

"இதான் புள்ள எழுத்து!" என்றார் தாத்தா. "கொறயும் சொல்லி, சாமானையும் விக்கிற மாதிரி எழுதீக்கா. இந்த உம்மா யாருன்னு தேடிப் புடிங்க. மேல உள்ள கதிரைய இவக்கே குடுக்கலாம் போலீக்கி."

நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பூப்படக்காரி மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்வது? நேற்று வந்தவள், ஒரே ஒரு பந்தி எழுதியவள், என் கதிரையில் உட்காரப் போகிறாள். அவள் நான்தான் என்பது அந்த எரிச்சலைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

நாவலப்பிட்டிக்காரியோ கமெண்டுக்குக் கீழே பதில் எழுதிவிட்டாள். "நீங்கள் சொன்னதுதான் சரி அம்மா. எந்த வெயிலுக்கும் என்று நான் எழுதியது பிழை. திருத்திவிட்டேன்." நான் குத்துவதற்கு எழுதியது அவளுக்குக் குத்தவே இல்லை.

பகல் பார்சல் கட்ட மேலே போனோம். அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்களே, கண் கிளினிக் போயிட்டு. நான் டெஸ்டர் குடுத்தப்ப அவங்க பொறங்கையாலதான் பூசுனாங்க."

நான் அடுத்த பெட்டியை எடுத்தேன்.

"நெத்தியில கோடும் இருந்துச்சு. அவங்க பேச்சு ஒங்க பேச்சு மாதிரியே இருந்துச்சு. அவங்க ஒங்க அம்மாதானேக்கா?"

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. ஆமென்று தலையை ஆட்டினேன்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்களே தாத்தாகிட்ட சொல்லிருங்க. அப்படி எழுத எனக்கு வராது. கதிரை ஒங்களுக்குத்தான்."

இதிலும் அவள் என்னை முந்திக்கொண்டாள். நல்லவளாக இருப்பதிலும்.

இரண்டு நாள் கழித்துத் தாத்தாவிடம் சொன்னேன். பொய்க் கணக்கு, பொறாமை, அம்மா, எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. ஊர்ல தெரிஞ்சவங்க என்று நான் சொன்னதை எப்படிச் சொல்வது? தாத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒளிஞ்சி நிண்டு எழுதினது பிழ. ஆனா எழுதினது உண்ம. உங்கட உம்மாவ ஞாயித்துக்கெழம கூட்டி வாங்க. அவ வாயால சொல்லட்டும், வீடியோ எடுத்துப் போடுவோம். பொறகு நீங்க மேல உக்காருங்க."

ஞாயிறு காலையில் கண்டி பஸ் நிலையத்தில் அம்மாவைச் சந்தித்தேன். அக்குறணை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, கிரீமைப் பற்றி என்ன சொல்ல வேண்டும், கேமராவை எப்படிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அந்த நாளைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தபடியே அக்குறணையில் இறங்கிவிட்டோம்.

கடையில் சனம் நிறைந்திருந்தது. தாத்தா மேலிருந்து அந்தச் சுழல் கதிரையை இறக்கி, பொலித்தீனைக் கழற்றி, அம்மாவை அதில் உட்கார வைத்தார். அது சுழலுமோ என்று பயந்து அம்மா விளிம்பில்தான் உட்கார்ந்தாள். நாவலப்பிட்டிக்காரி ஃபோனைப் பிடித்தாள். அம்மா அவளைப் பார்த்து, "நீதானா கொத்து ரொட்டிப் புள்ள?" என்று கேட்டுப் புறங்கையால் அவள் கன்னத்தைத் தடவினாள். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

தாத்தா, கேட்பதற்கு எளிதான ஒன்றில் தொடங்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைக் காட்டி, "மொதல்ல சொல்லுங்கோ, இவங்க உங்களுக்கு யாரு?" என்றார்.

அம்மா முதலில் சனத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அன்றைக்கு நான் சொன்னதை மறக்காமல் வைத்திருந்து, எனக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னாள்.

"ஊர்ல தெரிஞ்ச புள்ளதாங்க."

நாவலப்பிட்டிக்காரி ஃபோனை இறக்கிவிட்டாள். தாத்தா என் பக்கம் திரும்பினார். ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பெத்த உம்மாவுக்கு இப்பிடிச் சொல்லப் பழக்கி வெச்சீக்கீங்க" என்றார் மெதுவாக. "உங்கள நம்பி நான் எப்பிடிப் பேஜக் குடுக்கிற?"

அம்மாவுக்குப் பதற்றமாகிவிட்டது. தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். கதிரையிலிருந்து எழும்பி, "இல்லங்க, இல்லங்க, எம் மகதாங்க, நாந்தான் வாய் தவறி" என்று தாத்தாவின் கையைப் பிடிக்கப் போனாள்.

"எங்க அம்மா!" என்றேன். தாத்தாவுக்குச் சொல்ல நினைத்தது கடைக்கே கேட்கும்படி வெளியே வந்தது. வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "இவங்க எங்க அம்மா. தோட்டத்துல கொழுந்து பறிக்கிறாங்க. நான்தான் அன்னைக்கு இல்லன்னு சொன்னேன்."

அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"மெதுவா பேசும்மா" என்றாள். "ஆளுங்க இருக்காங்க."